முக்கால் நாடு

பிப்ரவரி 3

குட்டிம்மா,

இந்த முறையும் நீ போனுக்கு வரவில்லை. சித்தி, "இதோ குளிக்கிறா", "இப்பதான் தூங்கினா" என்று ஏதேதோ சொல்லிச் சமாளிக்கிறாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. நீ பக்கத்திலேயே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. சரி, பேச வேண்டாம். காகிதமாவது படிப்பாய் அல்லவா?

சித்தி ஒன்று சொன்னாள். மாடியில் துணி காயப்போடும்போது நீ தனியாகப் பேசுகிறாயாம். முணுமுணுப்பு இல்லையாம், முழு வாக்கியமாம். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லையாம். "அக்கா, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கொடிக்கயித்தோட சண்டை போடறா" என்றாள். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரோடு பேசுகிறாய்?

யாராக இருந்தாலும், இப்படியே போக விடமாட்டேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டாய். காரணம் கேட்டால் தோளைக் குலுக்கினாய். சட்டை தைக்கும் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டாய். பெரியம்மாவிடம் பேசிவிட்டேன். அவள் வார்டனாக இருக்கும் விடுதியில் உனக்கு ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. பள்ளிக்கூடம் பக்கத்துக் கட்டடம். ஏப்ரல் கடைசியில் அவளே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அறை நிறையப் பெண்பிள்ளைகள். நாலு பேரோடு பழகினால் பேச்சு தானாக வரும். மாட்டேன் என்று சொல்லாதே. நீ என்ன சொல்ல வருவாய் என்று எனக்குத் தெரியும்.

என் பாடு அதேதான். முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொள்ளும் வரிசைக்குப் புதிதாக ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். லாரி ஓட்டியவராம். பக்கவாதத்தில் பேச்சு முக்கால்வாசி போய்விட்டது. நேற்று ஏதோ சொல்ல வாயைக் கோணிக்கொண்டு கஷ்டப்பட்டார். பாவமே என்று நானே, "தண்ணிதானே? இந்தாங்க" என்று நீட்டினேன். தம்ளரைப் பிடுங்கி என் மேலேயே வீசிவிட்டார். முழங்கை வீங்கியிருக்கிறது. உதவப் போனால் இதுதான் மரியாதை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


பிப்ரவரி 14

அம்மா,

விடுதிக்கு நான் போகமாட்டேன். முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கீழே எழுதினால், அங்கே வந்து சேர்வதற்குள் நீ மனதுக்குள் பதில் சொல்லி முடித்திருப்பாய்.

போனுக்கு ஏன் வருவதில்லை என்றால், அங்கே எனக்கு வேலை இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நீ ஐந்து கேள்வி கேட்டு, ஐந்துக்கும் பதிலும் சொல்லி, "சரி, வைக்கட்டுமா கண்ணு" என்கிறாய். "அம்மாகிட்ட என்னடி பேசின?" என்று சித்தி ஒருதடவை கேட்டாள். யோசித்துப் பார்த்தால் நான் மூச்சு மட்டும்தான் விட்டிருந்தேன். காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. எனக்கு இது வசதியாக இருக்கிறது.

உன் முழங்கைக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் நான் லாரிக்காரர் கட்சி.

பட்டறையைப் பற்றி நீ மட்டமாக எழுதியிருக்கிறாய். எனக்கு அங்கே காஜா மிஷின். சட்டையில் பொத்தான் நுழையும் துளைக்கு ஓரம் கட்டித் தருவேன். எல்லா மிஷினும் ஓடும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் எல்லாரும் கையால் பேசிக்கொள்கிறார்கள். மாஸ்டர் விரலைச் சுற்றினால் நூல் மாற்ற வேண்டும். இரண்டு விரலை விரித்து மூடினால் கத்தரிக்கோல். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். எனக்குத் திக்கும் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அமைதியான பெண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் நினைத்ததில்லை.

இனி கொடிக்கயிற்று விஷயம். எனக்கு ஒரு நாடு இருக்கிறது, அம்மா. பைத்தியம் என்று சித்தியிடம் சொல்லிவிடாதே. அது இல்லை என்று எனக்கும் தெரியும். பெயர் முக்கால் நாடு. அங்கே எல்லாமே முக்காலில் நின்றுவிடும். வீட்டுக்கு மூன்று சுவர். படிக்கட்டு மாடிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும், அங்கிருந்து தாவ வேண்டும். கடிகார முள் ஒன்பது வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரும். ஆற்றின் மேலே ஒரு பாலம் இருக்கிறது, அதுவும் முக்கால்தான். அதைக் கட்டுகிறவள் ஒரு பெண். நாளுக்கு ஒரு பலகை வைக்கிறாள். பலகை அடங்காமல் துள்ளும், நழுவும். அவள் திட்டித் திட்டி உட்காரவைப்பாள். சித்தி கேட்டது அந்தத் திட்டுதான்.

அங்கே முடிப்பான்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. உயரமாக, வெள்ளையாக, நீள விரல்களோடு இருக்கும். கடிக்காது, பிறாண்டாது. முகம் அன்பாக இருக்கும். யாராவது எதையாவது செய்துகொண்டிருந்தால் ஓடி வந்து மீதியைச் செய்துவிடும். அது முடித்த பொருள் அந்த இடத்திலேயே சுண்ணாம்பாக இறுகிவிடும். ஓர் ஆளை அடிக்கடி முடித்தால், அவர் நாக்கிலிருந்து தொடங்கி உள்ளே வெளுத்துக்கொண்டே போவார்.

முன்பு அந்த நாட்டில் ஒரு ராணி இருந்தாள். எல்லாருக்காகவும் அவளே பேசினாள். பிறகு அவள் ஆற்றைக் கடந்து போய்விட்டாள்.

மீதி அப்புறம். நாளைக்கு வேலை இருக்கிறது.

மகள்


பிப்ரவரி 24

குட்டிம்மா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். மறுபடி பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

நல்லாத்தான் இருக்கிறது உன் நாடு. ஆனால் சில சந்தேகம். மூன்று சுவர் வீட்டில் மழை பெய்தால் பாயை எங்கே போடுவார்கள்? படி முக்காலில் நின்றால் வயதானவர்கள் எப்படித் தாவுவார்கள்? தினமும் நாலு பேரைத் தூக்கி உட்காரவைக்கிறவள் நான், அதனால் கேட்கிறேன். நாட்டை உண்டாக்கும்போது இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா? உன் அப்பாவும் இப்படித்தான், அலமாரி வாங்கிவிட்டு வாசற்படி அகலத்தை அளப்பார்.

அப்புறம், அந்த ராணி. அவள் யாரென்று கேட்கமாட்டேன். அவள் தலை எந்தப் பக்கம் நரைத்திருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும், தினமும் நான்தானே வாரிவிடுகிறேன். எல்லாருக்காகவும் பேசினது ஒரு குற்றமா? ஆற்றைக் கடந்து சுற்றிப் பார்க்கவா போனாள்? எழுதும்போது கொஞ்சம் நியாயமாக எழுது.

ஆனால் அந்த வெள்ளை விரல் ஆட்களை எனக்குப் பிடிக்கவில்லை. நீ இதைச் சும்மா கற்பனை பண்ணவில்லை. எங்கே பார்த்தாய் அவர்களை? பள்ளிக்கூடத்திலா? அந்தத் தமிழ் டீச்சர் உன்னை அடித்தாரா? உண்மையைச் சொல்.

விடுதி விஷயத்தில் மாற்றம் இல்லை. பெரியம்மா மெத்தை உறைகூடத் தைத்துவிட்டாளாம்.

அம்மா


மார்ச் 8

அம்மா,

டீச்சர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் சித்தியிடம் காட்டியிருப்பேன். காட்டுவதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

முக்கால் நாட்டில் ஒரு முற்றம் உண்டு. அங்கே ஒவ்வொருவராக எழுந்து நின்று பாட்டு வாசிக்க வேண்டும். பாலம் கட்டுகிறவள் முறை வந்தது. அவள் முதல் சொல்லில் நின்றுவிட்டாள். முடிப்பான்களின் தலைவி மிகவும் நல்லவள். மற்றவர்களைப் பார்த்து, "பாவம், எல்லாரும் அவளுக்கு உதவுங்க" என்றாள். உடனே முற்றம் முழுக்க ஒரே குரலில் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்தது. அடுத்த சொல், அதையும் முடித்தது. அவள் தொடக்கத்தை மட்டும் கொடுத்தாள், மீதியை அவர்கள் பாடினார்கள். தலைவி கை தட்டி, "பாத்தியா, வந்திருச்சு" என்று சிரித்தாள்.

நேராகவே சொல்கிறேன், சுற்றி வளைக்க வேண்டாம். தினமும் அப்படி நடந்தது. அப்புறம் பையன்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டால்கூட வகுப்பே சேர்ந்து கேட்டது. தண்ணீர்க் குழாயடியில் நான் வாயைத் திறந்தாலே, "மோட்டார் கிளம்புது, தள்ளுங்கடா!" என்பார்கள். என் பெயர் மோட்டார் ஆகிவிட்டது. டீச்சருக்கு அது கேட்கவில்லை. அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்குவார். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். நீ இப்போது அனுப்பப் பார்க்கிற இடத்தில் அறை நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அத்தனை பேரும் எனக்கு உதவுவார்கள் அம்மா. எழுந்ததிலிருந்து படுக்கிறவரைக்கும்.

ராணி நீதான். நியாயமாக எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். கடையில் நான் சோப்பு கேட்பதற்குள் நீ கேட்டாய். டாக்டர் என்னைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்றால் நீ என் வயிற்றைத் தொட்டுக் காட்டினாய். ஒருதடவை வலித்தது காது. யாராவது என் பெயர் கேட்டால்கூட நீதான் சொன்னாய். நீ கெட்டவள் என்று நான் எழுதவில்லை. நீதான் முதல் முடிப்பான் என்று எழுதுகிறேன்.

நீ கிளம்பிய அன்றைக்கு பஸ் நிலையத்தில் நான் உன் பையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். உனக்கு நினைவிருக்கும், ஏனென்றால் எல்லாரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். சொல் வரவில்லை. நீ என் கன்னத்தைத் தடவி, "என்னைப் பத்திக் கவலைப்படாம போயிட்டு வான்னு சொல்றா, பெரிய மனுஷி" என்றாய். சித்தி அழுதாள். பெரியம்மா அழுதாள். நீ ஏறிவிட்டாய்.

நான் சொல்ல வந்தது, என்னையும் கூட்டிக்கொண்டு போ என்பது.

மகள்


மார்ச் 19

கண்ணு,

இந்தக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்தேன். முடிவாக நினைத்துக்கொண்டேன்: அழுதுகொண்டு உட்கார நான் உன் சித்தி இல்லை.

முதலில் என் பக்கம். உன் அப்பா போன பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தம் இல்லை. நீ திக்கி நின்றால் கடைக்காரன் முகம் ஒரு மாதிரி போகும் பார், அந்த முகத்தை நீ பார்க்கக் கூடாது என்று நான் முந்திக்கொண்டேன். உன்னை மூடவில்லை. அவன் முகத்தை மறைத்தேன். இதை உன் நாட்டில் எழுதிக்கொள்.

அடுத்தது, நான் சும்மா இருக்கவில்லை. உன் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுக் கிழித்துவிட்டேன். பெரியம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விடுதியில் உன்னை யாரும் வாசிக்கச் சொல்லமாட்டார்கள், ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். எது வேண்டுமானாலும் பெரியம்மாவே உனக்காகக் கேட்டு வாங்கித் தருவாள். ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக, உன் கதை. அதை இப்படி அந்தரத்தில் விட்டால் நீயும் அந்தரத்தில்தான் நிற்பாய். ஆகவே நேற்று உட்கார்ந்து நானே எழுதினேன். கேள்:

ராணி திரும்பி வந்தாள். கையில் சுத்தியல், இடுப்பில் ஆணிப் பை. ஒரே மூச்சில் மீதிக் கால்வாசிப் பாலத்தையும் கட்டினாள். முடிப்பான்கள் அவளைப் பார்த்து ஓட்டம் பிடித்தன. வீட்டுக்கெல்லாம் நாலாவது சுவர் எழுந்தது. பாலம் கட்டுகிறவளின் கையைப் பிடித்து ராணி அக்கரைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடம். அவள் நன்றாகப் படித்து, கடகடவென்று பேசி, சந்தோஷமாக இருந்தாள்.

எப்படி? எனக்கும் எழுத வரும். கதை முடிந்துவிட்டது. இனி பெட்டியைக் கட்டு.

அம்மா


மார்ச் 29

அம்மா,

முடித்துவிட்டாய்.

நீ அனுப்பிய கால்வாசிப் பாலத்தை நான் பார்த்தேன். வெள்ளையாக, வழவழப்பாக இருக்கிறது. தட்டினால் டொக்கு டொக்கு என்கிறது. பாலம் கட்டுகிறவள் அதன் மேல் ஏறவில்லை. கடப்பாறையைக் கொண்டுவந்தாள். நீ வைத்ததை முழுக்க இடித்து ஆற்றில் தள்ளினாள். நாலாவது சுவர்களையும் இடித்தாள். ஊரே வெளியே வந்து பார்த்தது. யாரும் உதவவில்லை, ஏனென்றால் யாரும் கிட்டே வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாயாம். பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாயாம். அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். உன்னிடம் மட்டும்.

மழை வந்தால் பாயை எங்கே போடுவார்கள் என்று கேட்டாய். நனைவார்கள். அது அவர்கள் வீடு.

பட்டறையில் துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகாமலேயே தனியாகப் பரீட்சை எழுதலாம் என்று சொன்னாள். அவள் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கணக்கில் போய்விட்டது. "மூணாவது வாட்டி எழுதப் போறேன், துணைக்கு வாயேன், ஒண்ணா ஃபெயிலாவோம்" என்றாள். அதற்குப் பழைய பள்ளியிலிருந்து சான்றிதழ் வாங்க வேண்டும். நானே போய்க் கேட்கப் போகிறேன். மறுபடி போன் போடாதே.

பெரியம்மா வந்தால் மாடிக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்வேன்.

மகள்


ஏப்ரல் 9

கண்ணு,

கோபமாக எழுதியிருந்தாய். உனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. எங்கே பார்த்திருக்கப் போகிறேன், உனக்காகக் கோபப்பட்டதும் நான்தானே.

கதையை நான் தொட்டிருக்கக் கூடாது. சரி, தொட்டுவிட்டேன், நீயும் இடித்துவிட்டாய். கணக்கு சரி.

ஆனால் ராணி போன இடத்தில் என்ன நடக்கிறது என்பது உனக்குத் தெரியாது. அது என் பக்கத்துக் கரை. அதை நான்தான் எழுதுவேன், நீ குறுக்கே வரக் கூடாது.

இங்கே எனக்கு இவர்கள் பாஷை அரைகுறை. தண்ணி, மாத்திரை, திரும்பிப் படுங்கள், இதெல்லாம் வரும். அதற்கு மேலே ஒன்று சொல்ல வேண்டுமானால் உள்ளே தேடித் தேடி எடுக்க வேண்டும். நான் தேடிக்கொண்டிருக்கும்போது எதிரில் நிற்கிறவர்கள் முகம் ஒரு மாதிரி போகும். அப்புறம் அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். போன வாரம் மூலை அறையில் இருக்கும் அம்மாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டது. நர்ஸ் பெண்ணிடம் போய் நின்றேன். "அந்த அம்மாவுக்கு..." என்று தொடங்கினேன். "தெரியும் தெரியும், குளிருதாம்" என்று ஒரு போர்வையை என் கையில் திணித்து அனுப்பிவிட்டாள். நல்ல பெண். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். நானும் ரொம்ப நன்றி என்று வாங்கிக்கொண்டு வந்தேன். புண் மேல் போர்வையைப் போர்த்திவிட்டு நின்றேன், குட்டிம்மா. உன் நாட்டுக்கு நான் குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. உனக்குத்தான் தெரியாது. இப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

கொஞ்சம் தமிழ் தெரிந்த சமையல்காரியிடம் போய், "நில்லு, நான் இன்னும் முடிக்கலை" என்பதற்கு இந்தப் பாஷையில் எப்படிச் சொல்வது என்று கேட்டுக் கற்றுக்கொண்டேன். திரும்பிப் போய் நர்ஸ் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து அதைச் சொன்னேன். திகைத்துவிட்டாள். நான் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறவரைக்கும் நின்றாள். மருந்து வந்தது.

சரி. இப்போது உன் விஷயம். நீ காகிதத்தில் புலி மாதிரி இருக்கிறாய். மாடிக்கதவைத் தாழ் போடுவேன் என்கிறாய். தாழ் போட்டால் பெரியம்மா தச்சனைக் கூட்டி வருவாள், அவளை உனக்குத் தெரியாது. விடுதிக்கு மாட்டேன் என்றால் அதை என்னிடம் வாயால் சொல். போனில். நீ சொல்லி முடிக்கும்வரை நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். முடித்துவிட்டாயானால், அது உன் முடிவு, நான் அதைக் கேட்டாக வேண்டும். பாதியில் போனை வைத்தாயானால் விடுதி.

இதற்குத் தைரியம் இருக்கிறதா உனக்கு?

அம்மா


ஏப்ரல் 19

அம்மா,

இருக்கிறது. ஆனால் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனதைச் சொல்கிறேன், ஏனென்றால் உன் கடிதம் வந்தது அதற்கு மறுநாள். உன் சமையல்காரியிடம் கற்றுக்கொண்டு நான் பேசவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓவர்லாக் அக்கா வாசல்வரை வந்தாள். "உள்ளயும் வரட்டுமா?" என்றாள். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். "சரி, நான் இங்க நின்னு கேட்டை மொறைக்கறேன்" என்றாள். 

ஆசிரியர் அறையில் எங்கள் தமிழ் டீச்சர்தான் இருந்தார். அவரைத் தாண்டித்தான் அலுவலகத்துக்குப் போக வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வா வா, எப்படி இருக்க? அம்மா போன் பண்ணாங்க. எனக்கு ரெண்டு நாள் சாப்பாடே இறங்கலை. மறுபடி சேர வந்திருக்கியா?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தேன். "எ... எ..."

"என்ன வேணும்? எட்டாவது மார்க் ஷீட்டா?"

"எ..."

"என் மேல கோபமா?"

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கே இன்னும் இரண்டு டீச்சர்கள் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஓடிவிடலாம் என்று தோன்றியது, கேட்டில் அக்கா நிற்பதால் வெட்கமாக இருந்தது. அப்புறம், மாடியில் பலகையைத் திட்டுகிற மாதிரி ஒரு கோபம் வந்தது. நான் என் கையை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டேன்.

"மு... முடிக்காதீங்க டீச்சர். நா... நானே முடிப்பேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். உண்மையிலேயே கையால் மூடிக்கொண்டார். நான் நின்றேன். அம்மா, அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று நீ நினைக்கிறாயோ அப்படி இல்லை. பயங்கரமாக இருக்கிறது, ஆனால் அந்த இடம் என்னுடையதாக இருக்கிறது. சொல் உள்ளே எங்கோ துள்ளிக்கொண்டிருந்தது. யாரும் பிடுங்கவில்லை. அதனால் அதற்கு அவசரமில்லை, எனக்கும் அவசரமில்லை.

"என்னோட சான்றிதழ் வேணும். நா... நான் தனியா எழுதப் போறேன்."

திக்கித் திக்கித்தான் சொன்னேன். ஆனால் முழுசாகச் சொன்னேன். ஒரு டீச்சர் "அப்பாடா" என்றார். அவரைத் திரும்பிப் பார்த்தேன். பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

சான்றிதழ் வாங்கிவிட்டேன். கேட்டுக்கு வந்ததும் அக்கா, "என்னடி, உள்ள சமையல் பண்ணிச் சாப்பிட்டு வரியா?" என்றாள்.

இப்போது போன். ஞாயிற்றுக்கிழமை மாலை, உன் வேலை முடிந்ததும் கூப்பிடு. நான்தான் எடுப்பேன், சித்தி எடுக்கமாட்டாள். சட்டம் இது: ம் கொட்டக் கூடாது. "சொல்லு கண்ணு" கூடாது. மூச்சை இழுத்துப் பெருமூச்சு விடக் கூடாது, எனக்குக் கேட்கும். அழக் கூடாது, அழுகையும் ஒரு பதில்தான். வாக்கியம் எங்கே நின்றாலும் அது நிற்கிற இடத்திலேயே நீயும் நிற்க வேண்டும். முடிந்துவிட்டது என்று நான் சொல்வேன், அப்புறம் பேசலாம்.

உன் கரையைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நான் இடிக்கமாட்டேன். மூலை அறை அம்மாவுக்குப் புண் ஆறிவிட்டதா?

மகள்


ஏப்ரல் 29

என் கண்ணு,

போனில் பேசியதை எதற்குக் கடிதத்தில் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். நீ பேசியது உனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தது உனக்குத் தெரியாதே, அதனால் எழுதுகிறேன்.

துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன். நீ எடுத்தாய். அப்புறம் ஒன்றும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "நா" என்று கேட்டது. நான் உன் வயிற்றைத் தொட்டுக் காட்டினவள், எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. ஒரு துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். சொன்னால் சிரிப்பாய், நிஜமாகவே அடைத்துக்கொண்டேன். நடுவில் நர்ஸ் பெண் கதவைத் திறந்து, வாயில் துண்டோடு நிற்கிற என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். கையை ஆட்டி வெளியே போகச் சொன்னேன்.

நீ நடுவில் நின்றாய் அல்லவா, "விடுதிக்கு" என்ற சொல்லில்? அங்கே எனக்கு அடுத்த சொல் தெரியும். எந்த அம்மாவுக்கும் தெரியும். நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் அதை விழுங்கினேன். விழுங்கியதும் என்ன நடந்தது தெரியுமா? அடுத்த சொல் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நீ எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து உன்னைத் தெரியும் எனக்கு, அன்றைக்குத்தான் நீ என்ன சொல்லப் போகிறாய் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"நான் விடுதிக்குப் போகமாட்டேன். இங்கயே வேலை பாத்துக்கிட்டு, பரீட்சை எழுதுவேன். ஃபெயிலானா மறுபடி எழுதுவேன். எனக்காக யார்கிட்டயும் பேசாதே. முடிஞ்சுது."

முடிஞ்சுது என்பதில் மட்டும் நீ திக்கவே இல்லை. கவனித்தாயா?

எனக்கு இன்னும் இஷ்டம் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்கமாட்டேன். விடுதியில் இருந்தால் நேரத்துக்குச் சாப்பாடு, நாலு பேர் துணை, ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்குவேன். அந்த நிம்மதி போயிற்று. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

மூலை அறை அம்மாவுக்குப் புண் காய்ந்துவிட்டது. லாரிக்காரருக்கு முன்னால் இப்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். முந்தாநாள் அவர் சொல்ல வந்தது ஜன்னல். நேற்று சொல்ல வந்தது என்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை. முழுசாகச் சொல்லி முடித்தார். இருவரும் சிரித்தோம்.

நீ யாரிடமும் பேசாதே என்றாய். ஓர் ஆளிடம் மட்டும் பேச வேண்டியிருந்தது, பெரியம்மா ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். அவளைக் கூப்பிட்டு, "நீ வர வேண்டாம்க்கா" என்றேன்.

"ஏன்? என்னாச்சு?"

"அவ வரலையாம்."

"வரலையாமா? அதை நீ யாரு சொல்றதுக்கு? மெத்தை உறை தெச்சு வெச்சிருக்கேன், என் ரூமுக்குப் பக்கத்துக் கட்டில் பிடிச்சு வெச்சிருக்கேன். வரலைன்னா அவ சொல்லட்டும். அவளுக்கு என்ன வாயில்லையா?"

"சொல்லிட்டா" என்றேன்.

"அவளா?" என்றாள் பெரியம்மா. "அவளேவா? முழுசாவா?"

"உனக்கும் கேக்கணும்னா போன் போட்டுக் கேளு. ஆனா ஒண்ணுக்கா, குறுக்க பேசக் கூடாது. நேரமாகும். உக்காந்துக்கோ" என்றேன்.

அம்மா